இருபத்தொன்பது நொடி

கூரையில் எண்ணூற்று நாற்பது மின்னும் பொட்டுகள் ஒட்டினோம்.
அவற்றில் ஒழுங்கு இருக்கவே கூடாது:
வரிசையாய் இருந்தால் கேமராவுக்குத் திசை தட்டிப்போகும்.
ஏணி உச்சியில் இந்துலிஸ் ஒட்டியதில்
எனக்கு ஒரு கரடி தெரிந்தது.
பிய்த்து மாற்றச் சொன்னேன்.

ரீகா. பிப்ரவரி. பழைய டிராம் பணிமனை.
மூன்று சுவருக்கும் பச்சைத் துணி.
வெளியே தௌகவா உறைந்து கிடக்கிறது.
உள்ளே ஸைகா துறைமுக விளிம்பில் நின்று
வராத கப்பலுக்குக் கையசைக்க வேண்டும்.

கப்பலைப் பிறகு செய்துகொள்ளலாம்.
கடலையும்.
இப்போது மானிட்டரில் ஓடுவது பொம்மைக் கடல்,
நிழல் விழாத கொடிமரம், ஒரே அலை திரும்பத் திரும்ப.
அசல் கடலை ஏப்ரலில்
ஒரு ஃபிரேமுக்கு நாற்பது நிமிடமென்று
இயந்திரங்கள் சாவகாசமாய் உட்கார்ந்து வரையும்.
அவை கேட்பதெல்லாம்
கேமரா எங்கே நின்றது, எப்பக்கம் திரும்பியது,
எவ்வளவு சாய்ந்தது, லென்ஸ் எதை நாடியது,
நொடிக்கு இருபத்து நாலு தடவை.
அதை எழுதிவைப்பது என் வேலை.
எழுதுவது என்பதுகூடப் பெரிய வார்த்தை.
ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்குவது.

மூன்றாம் டேக்கில் அமுக்கவில்லை.

எத்வின்ஸ் காபி நீட்டினான் என்று சொல்லிப் பார்த்தேன்.
கேபிள் தளர்ந்திருந்தது என்றும்.
ஸைகாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
அசைக்க உயர்த்திய கை பாதி வழியில்
எதற்கு உயர்ந்தோம் என்பதை மறந்து
காதோர முடியை ஒதுக்கிவிட்டு இறங்கியது.
இந்துலிஸ் கேமராவைத் தோளில் சுமந்தபடி
அவளை நோக்கி ஓர் அடி வைத்தான், ஒத்திகையில் இல்லாத அடி.
"இதுதான்" என்றார் தாக்மாரா. நாற்காலியை மடக்கினார்.

ஃபோல்டரில் இரண்டு இருந்தது. நான்கு இருந்தது.
இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே
விழுந்த பல் போல ஓர் இடம்.
அறுநூற்றுத் தொண்ணூற்றாறு ஃபிரேம்.
படம் இருக்கிறது, முகம் இருக்கிறது, டைம்கோட் இருக்கிறது.
பார்த்த கண் எங்கே இருந்தது என்பது மட்டும் இல்லை.

மாலைவரை வாய் திறக்கவில்லை.
பிறகு இந்துலிஸிடம் மட்டும் சொன்னேன்.
அவன் திட்டவில்லை. கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டினான்.

எல்லோரும் போன பிறகு நடந்தான்.
ஸைகா நின்ற இடத்தில் ஒரு விளக்குக் கம்பம்,
அதன் கழுத்தில் என் மப்ளர்.
மானிட்டரில் பகல் ஓட, அதன் மேல் இரவைப் பொருத்தினோம்.
பதினோரு முறை.
முதல் அடி பொருந்தினால் திருப்பம் பிந்தியது,
திருப்பம் பொருந்தினால் தோள் முந்தியது.
தன் நடையைத் தானே நடிக்க வரவில்லை அவனுக்கு.

"பத்தொன்பதாம் நொடியில் கேமரா கொஞ்சம் எழும்புகிறது.
மூச்சை எங்கே விட்டாய்?"
"மூச்சு விட்டேனா?" என்றான்.

பதினோராவது நடையை எடுத்துக்கொண்டேன்.
மீதியைத் துணியிலிருந்த சிலுவைக் குறிகளையும்
ஸைகாவின் கோட்டுப் பொத்தான்களையும் பிடித்துப் பிடித்து
ஃபிரேம் ஃபிரேமாய்க் கையால் நகர்த்தினேன்.
மூன்று நாள். கண்ணில் மணல்.
எல்லாம் ஒட்டிக்கொண்டது,
பத்தொன்பதாம் நொடியில் ஒரு மயிரிழை தவிர.
தாக்மாரா இரண்டு முறை பார்த்துவிட்டுச் சரியென்றார்.
ஃபைலுக்கு மற்றவை போலவே பெயரிட்டேன்.
ஏப்ரலில் இயந்திரங்கள் அதை நம்பின.

அக்டோபரில் திரையரங்கு.
கப்பல் வந்தது, புகையோடு, துருவோடு.
கடலுக்குக் குளிர்கூட இருந்தது.
முன் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு. பதினெட்டு.
ஸைகாவின் கை காதருகே போக
அவள் பின்னால் அத்தனை கடலும்
இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்ந்து
தூக்கத்தில் புரண்டவர் போலத் திரும்பப் படுத்தது.

யாரும் பார்க்கவில்லை.
பக்கத்து இருக்கையில் இந்துலிஸ்
இருட்டில் என் முழங்கையைத் தட்டினான்.
"இங்கேதான்" என்றான்.